மூன்றாவது டிரம்பெட்டின் நி

ச, நி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி ஒரே நேரத்தில் ஒலித்தால் காது கூசும். இதை நம் ஊரில் யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் என்னிடம் இருந்த தபால்வழிப் பாடக் கட்டு வேறு மாதிரி சொன்னது. ச அடியில், அதற்கு மேல் ப, அடுத்த ஸ்தாயியில் க, உச்சியில் நி என்று நான்கையும் தள்ளித்தள்ளி உட்காரவைத்து, நான்கு வாத்தியங்களில் ஒரே மூச்சில் ஊதினால், ஜாஸில் அதைவிட இனிமையானது இல்லை என்றது. அதை நம்புவதா வேண்டாமா என்பதுதான் எழுபதுகளின் கடைசியில் ஜவ்வாது மலையில் என்னுடைய பெரிய பிரச்சினை. மற்ற பிரச்சினைகள் எல்லோருக்கும் இருந்தவைதான்.

காவலூர் போகிற பஸ் பாதையில் இருந்த ஓர் உறைவிடப் பள்ளியில் நான் வாத்தியார். வயது இருபத்தேழு. பள்ளிக்குப் பின்னால் ஓர் அறையில் தனியாக இருந்தேன். கல்லூரியில் என்.சி.சி. பேண்டில் கற்ற கிளாரினெட் ஒன்று என்னிடம் இருந்தது. கிளாரினெட்டில் ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான் வரும். ச ஊதி, ப ஊதி, க ஊதி, நி ஊதினால் அது ஒரு மெட்டு. சேர்ந்து ஒலிப்பது வேறு சமாச்சாரம். முதல் சுரத்தை மனதில் பிடித்து வைத்துக்கொண்டு அடுத்ததை ஊதிப் பார்ப்பேன். நான்காவதற்கு வரும்போது முதலாவது ஓடிப்போயிருக்கும். சாயங்காலம் முழுக்க இப்படி ஊதினால் பக்கத்தில் இருக்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? வாத்தியாருக்கு ஒரு பாட்டு கூட முழுசாக வராது என்று நினைத்தார்கள். சமையல்காரம்மா நேரிலேயே கேட்டுவிட்டார்.

"இன்னா சார், தெனம் இதையே ஊதுறீங்களே, மீதி எப்ப வரும்?"

அந்தப் பாடங்களை எனக்குக் கொடுத்தவர் ஜோலார்பேட்டையில் இருந்த ஒரு ரயில்வே கார்டு. ஆங்கிலோ இந்தியர், என் வயதுதான். விடுமுறையில் ஊருக்குப் போக ரயிலுக்குக் காத்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, ரயில்வேக்காரர்களின் நடனக் கூடத்துச் சுவருக்கு வெளியே நின்று உள்ளே நடந்த ஒத்திகையைக் கேட்டுக்கொண்டிருந்தேன். சிகரெட் பிடிக்க வெளியே வந்தவர் என் கையிலிருந்த கிளாரினெட் பெட்டியைப் பார்த்தார்.

"இன்னா மேன், ஊதுவியா, இல்ல சும்மா தூக்கிக்கினு திரியிறியா?"

உள்ளே அழைத்துப் போனார். பதின்மூன்று பேர். நான்கு சாக்ஸபோன், மூன்று டிரம்பெட், இரண்டு டிராம்போன், பியானோ, கிடார், டபுள் பேஸ், டிரம்ஸ். இன்ஜின் டிரைவர்களும் டிக்கெட் பரிசோதகர்களும்தான். அதுவரை நான் கேட்ட எந்தக் கூட்டிசையிலும் எல்லோரும் ஒரே பாதையில் போவார்கள். இங்கே ஆளுக்கு ஒரு பாதையில் போய், போன இடத்தில் எல்லாம் சேர்ந்து நின்றார்கள். ரயிலை விட்டுவிட்டேன்.

கார்டுக்கு அவருடைய அக்கா வெளிநாட்டிலிருந்து தபால்வழிப் பாடங்களை வாங்கி அனுப்பியிருந்தார். பிக் பேண்டு என்கிற இந்த மாதிரிப் பெரிய ஜாஸ் குழுவுக்கு இசை எழுதுவது எப்படி என்று இருபத்துநான்கு பாடங்கள். நான்காவது பாடத்தோடு கார்டுக்கு அலுத்துப்போயிருந்தது. மொத்தக் கட்டையும் என்னிடம் தள்ளிவிட்டார்.

மலையில் எழுதுவதற்கு ஐந்து கோடு போட்ட காகிதம் கிடைக்காது. ஒரு சீப்பில் ஐந்து பற்களை மட்டும் விட்டு மற்றவற்றை உடைத்து, மையில் தோய்த்து, பூகோள நோட்டுகளில் இழுத்தேன். கோடு சில இடத்தில் நெளியும். அதன் மேல் உட்கார்ந்த சுரமும் நெளிந்தது. ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனி ச உண்டு, ஆல்டோ சாக்ஸபோன்காரர் ச என்று படிப்பது டிராம்போன்காரருக்கு வேறு ஏதோ என்பது எனக்கு மண்டையில் ஏற எட்டு மாதம் பிடித்தது. சுரங்களை நெருக்கி உட்காரவைப்பது ஒரு பாடம், விரித்து உட்காரவைப்பது ஒரு பாடம். மேலிருந்து இரண்டாவது சுரத்தை எடுத்து ஒரு ஸ்தாயி கீழே வைத்தால் மற்றவற்றுக்கு மூச்சு விட இடம் கிடைக்கும் என்றது இன்னொன்று. ஆலங்காயம் பஸ்ஸில் ஒரு சீட்டில் நான்கு பேராக உட்கார்ந்து வரும்போது இந்த உண்மை எனக்கு நன்றாகவே விளங்கியது.

இரண்டு வருடத்தில் இருபத்துநான்கு பாடமும் முடிந்தது. சொந்தமாக ஒரு மெட்டு போட்டு, பதின்மூன்று பேருக்கும் பிரித்து எழுதினேன். அதன் ஒன்பதாவது அடியில் தாளம் சட்டென்று நிற்கும். பியானோவும் நிற்கும். நான்கே நான்கு பேர் ஊதுவார்கள். டிராம்போன் ச, டெனர் சாக்ஸபோன் ப, முதல் ஆல்டோ க. உச்சியில் இருக்கிற நி மூன்றாவது டிரம்பெட்டுக்கு. முதல் இரண்டு டிரம்பெட்காரர்களும் கூரையைப் பிய்க்கிறவர்கள். மூன்றாவது ஆள் மெதுவாக ஊதிப் பழகியவர். அவருடைய தாளில் அந்தச் சுரத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, டிரம்பெட் வாயில் தொப்பியைக் கவிழ்த்து மெதுவாக ஊதவும் என்று எழுதினேன். மீதி முழுவதும் அந்த ஓர் இடத்துக்குப் போவதற்கும் அங்கிருந்து வருவதற்கும்தான்.

எழுதியதை எடுத்துக்கொண்டு ஜோலார்பேட்டைக்கு இறங்கினேன். கார்டு உட்கார்ந்து பொறுமையாகப் பார்த்தார். ஒன்பதாவது அடியில் விரல் நின்றது.

"இத கேட்டியா நீ?"

"எங்க கேக்கறது?" என்றேன்.

கூடத்தில் ஒரு பியானோ இருந்தது. ஈரத்தில் ஊறிப் பாதி கட்டைகள் எழுந்திருக்கவே யோசிக்கும். அந்த நான்கையும் அழுத்தினேன். தகரத்தில் ஆணி இழுத்த மாதிரி இருந்தது. எனக்கு முகம் செத்துப்போயிற்று.

"பொட்டிய அமுக்கினா இன்னா தெரியும் மேன்?" என்றார் கார்டு. "வாயால ஊதிக் கேக்கணும். கிறிஸ்துமஸ் டான்ஸுக்கு இத வாசிக்கிறோம், சரியா? ஆனா அதுக்குள்ள இந்த எடத்த எங்கியாவது கேட்டுரு. ஒத்திகை ஒண்ணே ஒண்ணுதான். ஆளாளுக்கு டூட்டி. ஒரு தபா கர்ணகொடூரமா கேட்டுச்சின்னா எங்க ஆளுங்க சிரிப்பானுங்க. அப்புறம் உன் பேப்பரத் தொடவே மாட்டானுங்க."

அது ஜூலை மாதம். ஐந்து மாதத்துக்குள் நான்கு வாத்தியங்கள் சேர்ந்து ஊதுவதை நான் கேட்டாக வேண்டும். மலையில் ஊதுகிற வாத்தியம் என்று நான் அறிந்தது என் கிளாரினெட்டும், பஸ் ஹாரனும்.

அக்டோபரில் எங்கள் ஊரில் குடிநீர்த் தொட்டி திறந்தார்கள். கீழேயிருந்து ஒரு பெரிய அதிகாரி வருகிறார் என்று வாணியம்பாடியிலிருந்து பேண்டு செட்டு கூப்பிட்டிருந்தார்கள். பத்து மணிக்கு வர வேண்டிய அதிகாரி பன்னிரண்டாகியும் வரவில்லை. பேண்டு செட்டுக்காரர்கள் சிவப்புக் கோட்டோடு புளியமரத்தடியில் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தார்கள். நான் வாத்தியங்களைப் பார்த்தேன். அடிக்குரலுக்கு யூஃபோனியம் என்கிற பெரிய பித்தளைக் குழல், சாக்ஸபோன், கிளாரினெட், டிரம்பெட். நான் சாமி கும்பிடுகிற ஆள் இல்லை. அன்று கும்பிட்டேன்.

மாஸ்டர் நாற்பது வயது இருக்கும். வாணியம்பாடி சாயபு. கிளாரினெட் அவருடையது. "பாய், ஒரு ஒதவி" என்று ஆரம்பித்து, ஆளுக்கு ஒரு சுரம் வீதம் நான்கு பேர் சேர்ந்து ஒரே ஒரு தடவை ஊத வேண்டும், அவ்வளவுதான் என்று சொன்னேன்.

"ஆளுக்கு ஒண்ணா? வேற வேறயா?"

"ஆமா பாய்."

"இன்னாத்துக்கு?"

விளக்கினேன். என்ன விளக்கினேனோ, அவர் தலையாட்டிவிட்டு மற்றவர்களைக் கூப்பிட்டார். யூஃபோனியத்துக்கு ச கொடுத்தேன். அருமையாக ஊதினார். சாக்ஸபோனுக்கு ப. பிரமாதம். மாஸ்டரே க எடுத்துக்கொண்டார். டிரம்பெட்காரருக்கு நி. அவரும் தனியாக ஊதும்போது சுத்தமாக நின்றார். இப்போது சேர்ந்து என்று கையைத் தூக்கினேன்.

ஆரம்பித்தார்கள். அரை நொடிதான். சாக்ஸபோன் மெல்ல வழுக்கி மாஸ்டரின் சுரத்துக்கு வந்தது. டிரம்பெட் இறங்கி வந்தது. யூஃபோனியம் கூட அடியிலிருந்து ஏறி வந்து சேர்ந்துகொண்டது. நான்கு பேரும் ஒரே சுரத்தில் நின்று, முகத்தில் பெரிய திருப்தியோடு என்னைப் பார்த்தார்கள்.

ஆறு தடவை செய்தோம். ஆறு தடவையும் அதே கதை. எனக்குக் கோபம் தலைக்கேறியது.

"ஏங்க, அவர் ஊதறத ஏன் பாக்கறீங்க? உங்களுது உங்களுக்கு, அவருது அவருக்கு!"

டிரம்பெட்காரர் தலையைக் குனிந்துகொண்டார். மாஸ்டர்தான் சொன்னார். "கோச்சிக்காத வாத்தியாரே. எங்க செட்டுல ஒரு பழக்கம் கீது. கல்யாண வூட்ல எவன் மாறி ஊதுறானோ, அவனுக்குக் கடைசிப் பந்தி. அதுக்குள்ள கறி தீர்ந்துரும், வெறும் குஸ்காதான். இவங்கல்லாம் சின்ன வயசுலேர்ந்து குஸ்காவுக்குப் பயந்து ஊதுறவங்க. வேற சத்தம் காதுல வுழுந்தா வாய் தானா இஸ்துக்கினு போய்டும்."

இருபது வருடத்துப் பிரியாணிப் பயத்தை ஒரு மத்தியானத்தில் நான் எப்படிப் போக்குவது? நிதானமாக யோசித்தேன். ஒருவர் ஊதுவது மற்றவருக்குக் கேட்டால்தானே வாய் இழுத்துக்கொண்டு போகும்? கேட்காத தூரத்தில் நிறுத்திவிட்டால்?

யூஃபோனியத்தைப் புளியமரத்தடியிலேயே விட்டேன். சாக்ஸபோனைப் பள்ளி வராந்தாவின் கடைக்கோடிக்கு அனுப்பினேன். மாஸ்டர் புதுத் தொட்டிக்குப் பக்கத்தில். டிரம்பெட்காரரைச் சமையல்கட்டுச் சுவரின் முனைக்குப் போகச் சொன்னேன். அவருக்கு ஒரு கண்ணில் நான் தெரிவேன், மறு கண்ணில் ரோடு தெரியும். காதில் பஞ்சு வைத்துக்கொள்ளச் சொன்னேன். நான் மைதானத்தின் நடுவில் கைக்குட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். மாலையோடு காத்திருந்த ஊர்க்காரர்கள் எல்லோரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெட்கமாகத்தான் இருந்தது. கைக்குட்டையை இறக்கினேன்.

புளியமரத்தடியிலிருந்து ச வந்தது. வராந்தாப் பக்கமிருந்து ப. தொட்டிப் பக்கமிருந்து க. மூன்றும் அதனதன் இடத்தில் நின்றன. யாரும் யாரிடமும் ஓடவில்லை. நான் நான்காவதற்குக் காத்திருந்தேன்.

அது வரவில்லை. திரும்பிப் பார்த்தேன். டிரம்பெட்காரர் வாத்தியத்தை இறக்கிவிட்டு ரோட்டைப் பார்த்துக் கையை ஆட்டிக்கொண்டிருந்தார். ஜீப் வளைவில் ஏறிக்கொண்டிருந்தது. டிரம் அடிக்கிறவர் அடிக்க ஆரம்பித்தார். நான்கு பேரும் நான்கு திசையிலிருந்து ஓடி வந்து சேர்ந்து, வரவேற்புப் பாட்டை ஒரே சுரத்தில் பிழையில்லாமல் ஊதினார்கள்.

விழா முடிந்ததும் இன்னொரு தடவை கேட்கலாம் என்றிருந்தேன். அவர்களை ஏற்றிக்கொண்டு வந்த வண்டி, அதிகாரி பேசிக்கொண்டிருக்கும்போதே கிளம்பிவிட்டது. மறுநாள் வாணியம்பாடியில் கல்யாணமாம்.

நான் கேட்டது ச, ப, க. அது எந்தப் பிரார்த்தனைக் கூட்டத்திலும் கேட்கிற சத்தம். அதற்கு இரண்டு வருடப் படிப்பு வேண்டியதில்லை. எந்த ஒரு சுரத்துக்காக எல்லாவற்றையும் எழுதினேனோ அது மட்டும் எனக்குத் தெரியாமலேயே இருந்தது. நவம்பர் கடைசி வரை யோசித்தேன். பிறகு கேட்காமலேயே பதின்மூன்று தாள்களையும் படியெடுத்துப் பார்சல் செய்து கார்டுக்கு அனுப்பிவிட்டேன். கேட்டாயா என்று அவர் கேட்டால் கேட்டேன் என்று பொய் சொல்வது என்று முடிவு செய்துகொண்டேன். ஒத்திகைக்குப் போய் உட்கார்ந்துவிட்டால் தெரிந்துவிடும். நன்றாக இல்லையென்றால் அங்கேயே ஒரு சுரத்தை மாற்றிவிடலாம்.

டிசம்பர் இரண்டாம் வாரம் பள்ளிப் பிள்ளைகளுக்கு அம்மை போட்டது. முதலில் மூன்று பேர், பிறகு மொத்தம் பதினொன்று. அடுத்தது நான். நெற்றியில் ஒரு கொப்புளத்தைத் தடவிப் பார்த்தபோதே எனக்கு விளங்கிவிட்டது. அந்த நேரத்தில் நான் அழுதேன். காய்ச்சலுக்கு இல்லை.

சமையல்காரம்மா என் அறை வாசலில் வேப்பிலை செருகினார். தலைக்குத் தண்ணீர் ஊற்றுகிற வரை நான் வெளியே போகக்கூடாது, வெளியாள் உள்ளே வரக்கூடாது. நான் காய்ச்சலோடு சொல்லிப் பார்த்தேன்.

"எனக்கு கீழ ஒரு வேலை இருக்கும்மா. இருபத்திரெண்டாம் தேதி போய்ட்டு ஒடனே வந்துர்றேன்."

"ஆத்தா வந்து குந்திக்கினு கீறா. அவள வுட்டுட்டு எங்க போவீங்க? பேசாம படுங்க சார்."

எந்த பஸ் கண்டக்டரும் என்னை ஏற்றியிருக்கவும் மாட்டார். படுத்தேன். இருபத்திரண்டாம் தேதி ஒத்திகை வந்தது, போனது. நடன நாள் வந்தது. சாயங்காலம் பாயில் கிடந்தபடி, இப்போது கோட்டு போட்டுக்கொண்டிருப்பார்கள், இப்போது தாள்களைப் பிரித்து வைத்துக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். வெளியே ஒரே மழை. ஊதிப் பார்க்கலாம் என்றால் அம்மை கண்ட இடத்தில் வாத்தியச் சத்தம் கூடாது. கிளாரினெட்டை அந்த அம்மா முன்பே எடுத்துக்கொண்டு போயிருந்தார்.

மூன்றாவது தண்ணீர் ஊற்றியது கிறிஸ்துமஸ் முடிந்து இரண்டு நாள் கழித்து. ஈரத் தலையோடு வாசலில் உட்கார்ந்திருந்தேன். அவர் சமையல்கட்டுக் கூரையில் செருகி வைத்திருந்த ஒரு கடிதத்தை எடுத்து வந்து கொடுத்தார்.

"பத்து நாளைக்கு முந்தி வந்துச்சி சார். ஆத்தா கீற எடத்துல காயிதம் கீயிதம் வரக்கூடாதுன்னு நான்தான் எட்த்து வச்சேன்."

கார்டு எழுதியிருந்தார். மூன்று வரி. மூன்றாவது டிரம்பெட்காரனைக் கூட்ஸ் வண்டி டூட்டியில் போட்டுவிட்டார்கள், டான்ஸுக்கு வரமாட்டான். ஒன்பதாவது அடியில் அவனுடைய சுரத்தை வேறு யாருக்குக் கொடுக்கலாம்? அல்லது விட்டுவிடலாமா? உடனே பதில் போடு.

இரண்டாவது ஆல்டோவுக்குக் கொடுங்கள். பதில் அவ்வளவுதான். அரை வரி. அந்த அரை வரி என்னிடம் இருந்தது. கேட்டவருக்கு அது தேவைப்பட்ட நேரத்தில், கேள்வி என் அறையிலிருந்து இருபது அடி தூரத்தில் கூரையில் இருந்தது. கத்த வேண்டும் போல இருந்தது. யாரைப் பார்த்துக் கத்துவது? பதினோரு பிள்ளைகளையும் என்னையும் ராப்பகலாகப் பார்த்துக்கொண்டு, ஒரு வேளையும் தவறாமல் கஞ்சி கொண்டுவந்து வைத்தவர் அவர். கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

"நல்ல சேதியா சார்?"

"ம்" என்றேன்.

ஜனவரியில் பார்சல் திரும்பி வந்தது. கூட ஒரு சீட்டு. எல்லோருக்கும் பிடித்தது, இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார்கள், ஜனங்கள் ஆடித் தீர்த்துவிட்டார்கள் என்று கார்டு எழுதியிருந்தார். கடைசியில் இன்னொரு வரி. மூன்றாவது டிரம்பெட் இல்லாமலேயே வாசித்தோம், எதுவும் குறைந்ததாகத் தெரியவில்லை.

பாராட்டாகத்தான் எழுதியிருந்தார். அந்தக் கடைசி வரியை நான் எத்தனை தடவை படித்திருப்பேன் என்று தெரியாது. தாள்களைப் பிரித்துப் பரப்பினேன். முதல் ஆல்டோவின் தாளில் எண்ணெய்க் கறை. டிராம்போன் தாளில் சிகரெட் சுட்ட ஓட்டை. ஒவ்வொன்றும் கசங்கி, மூலை மடங்கி, பென்சில் குறிகளோடு இருந்தன. மூன்றாவது டிரம்பெட்டின் தாள் மட்டும் நான் அனுப்பியபோது இருந்தபடியே இருந்தது. நான் போட்ட வட்டம் இருந்தது. தொப்பியைக் கவிழ்த்து மெதுவாக.

அடுத்த வருடம் கார்டு குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டார். நான் வேறு எதுவும் எழுதவில்லை. மனம் வரவில்லை என்று சொல்வது பொய். வந்தது, ஆனால் அந்த ஓர் இடம் சரியா தப்பா என்று தெரியாமல் அடுத்ததை எப்படி எழுதுவது?

நான்கைந்து வருடம் கழித்து, காவலூரில் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது டீக்கடையில் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. ஏதோ சினிமாப் பாட்டு. நான் கவனிக்கவில்லை. இரண்டு சரணத்துக்கு நடுவில் தாளம் சட்டென்று நின்றது. நான்கு ஊதுவாத்தியங்கள். அடியில் ச, மேலே ப, அதற்கு மேல் க, உச்சியில் மெதுவாக நி. ஒரு மூச்சுதான். பிறகு தாளம் மறுபடி தொடங்கிவிட்டது.

காது கூசவில்லை. அவ்வளவு இனிமையாக இருந்தது. நான் எழுதியது சரி. ஒரு சுரம் கூட மாற்ற வேண்டியதில்லாமல் சரி. இதை நான் யாரிடம் போய்ச் சொல்வது? கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. டீ கிளாஸைக் கையில் பிடித்தபடி குடிக்காமல் நின்றேன்.

கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "இன்னா சார், டீல ஈ வுழுந்துச்சா?"

ஆமாம் என்றேன். அவர் கிளாஸை வாங்கிக் கீழே கொட்டிவிட்டு, வேறு டீ போட்டுக் கொடுத்தார்.